நட்சத்திர மீனும் அதன் சொந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளும், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உயிரிகளின் உடலில் நம் உடலில் இருப்பதையெல்லாம் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இவை கடல்நீரை உடலுக்குள் எப்படி வேலை வாங்குகின்றன என்று பார்த்தால் மற்றது ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும்.

நட்சத்திர மீன் எந்த வகை உயிரி?

முட்தோலிகள் என்ற தொகுதியைச் சேர்ந்தது. முதுகெலும்பு, செதில், துடுப்பு எதுவும் கிடையாது. இன்று உயிரோடு இருக்கும் முட்தோலிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்: நட்சத்திர மீன்கள், பாம்பு நட்சத்திரங்கள், கடல் முள்ளெலிகள், கடல் அட்டைகள், கடல் அல்லிகள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,000 இனங்கள். அதில் நட்சத்திர மீன்கள் மட்டும் சுமார் 1,900.

அதன் உடலில் வெளியே என்னென்ன பார்க்கலாம்?

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்புல் வளர்ந்த இடங்களில் வாழும் புரோட்டோரீஸ்டர் லிங்கி என்ற இனத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிறிய சாம்பல் உடல்மேல் சிவப்புக் கோடுகள் பின்னிப் பிணைந்து ஓடும். அந்தக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் சிவப்பு முட்கள் தடித்து நிற்கும். 30 செ.மீ. வரை வளரக்கூடிய அழகான இனம். காய்ந்த பிறகு அந்த நிறம் அநேகமாகப் போய்விடும்.

நடுவில் இருப்பது வட்டு. அதிலிருந்து ஐந்து கைகள். மேல்பக்கத்தில், நடுவிலிருந்து சற்று விலகி, இரண்டு கைகளுக்கு இடையே சின்னதாக ஒரு தட்டு தெரியும். அதில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். இதுதான் சல்லடைத் தட்டு, மாட்ரிபோரைட் என்பார்கள். பார்க்க அற்பமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நீர்க்குழல்கள் கடலோடு தொடர்பு கொள்ளும் வாசல் இதுதான்.

முட்களுக்கு நடுவே மென்மையான, மெல்லிய தோல் முகிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை தோல் செவுள்கள். மூச்சு அவற்றின் வழியாக நடக்கிறது. பல இனங்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்ன இடுக்கிகளும் உண்டு. உடல்மேல் வந்து ஒட்டப் பார்க்கும் குட்டி உயிர்களை அவை பிடித்து நசுக்கிவிடும். கப்பலின் அடியில் ஒட்டும் கொட்டலசு போன்றவை நட்சத்திர மீனின் முதுகில் குடியேற முடியாமல் போவதற்கு இந்த இடுக்கிகளும் ஒரு காரணம்.

கீழ்ப்பக்கம் இன்னும் சுவாரசியமானது. நடுவில் வாய். வாயிலிருந்து ஒவ்வொரு கையின் நுனி வரைக்கும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள்.

அத்தனை கால்களை எப்படி அசைக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். முட்தோலிகளைத் தவிர வேறெந்த விலங்குத் தொகுதியிலும் இந்த அமைப்பு இல்லை.

சல்லடைத் தட்டிலிருந்து சுண்ணச்சத்து படிந்த ஒரு குழல் கீழே இறங்குகிறது. அது வாயைச் சுற்றி ஓடும் வளையக் குழலில் போய்ச் சேரும். வளையத்திலிருந்து கைக்கு ஒன்றாக ஆரக் குழல்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு ஆரக் குழலின் இரு பக்கமும் சிறு கிளைகள். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் ஒரு குழாய்க்கால். இந்த முழு வலையும் கிட்டத்தட்ட கடல்நீரே என்று சொல்லத்தக்க திரவத்தால் நிறைந்திருக்கிறது. கொஞ்சம் புரதமும், கடலில் இருப்பதைவிடக் கூடுதலான பொட்டாசியமும்தான் வித்தியாசம். இதற்குப் பெயர் நீர்க்குழல் மண்டலம்.

ஒவ்வொரு குழாய்க்காலின் தலைமாட்டிலும், கைக்கு உள்ளே, தசையால் ஆன ஒரு சிறு பை இருக்கிறது. மருந்து சொட்டும் குழாயின் ரப்பர்க் குமிழை அழுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். பை சுருங்கினால் நீர் காலுக்குள் பாயும், கால் நீளும். நீர் ஆரக் குழலுக்குத் திரும்பிப் போகாமல் நடுவில் ஒரு வால்வு தடுக்கும். காலின் சொந்தத் தசைகள் சுருங்கும்போது நீர் மறுபடி பைக்குத் திரும்பும், கால் குட்டையாகும். எந்தப் பக்கத்துத் தசை சுருங்குகிறதோ அந்தப் பக்கம் கால் சாயும். இப்படி நூற்றுக்கணக்கான கால்கள் நீண்டு, ஊன்றி, தள்ளி, விலகித்தான் நட்சத்திர மீன் நகர்கிறது. அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அடி வைப்பதில்லை. ஆனாலும் உடல் தடுமாறாமல் ஒரே திசையில் போகும். எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கால் நுனி உறிஞ்சித்தான் ஒட்டுகிறது என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. வெறும் உறிஞ்சலை வைத்து அந்தப் பிடிமானத்தை விளக்க முடியாது. கால் நுனித் தோலில் இரண்டு வகைச் சுரப்பிகள் உள்ளன. ஒன்று பசையைச் சுரந்து ஒட்டவைக்கிறது. இன்னொன்று அந்தப் பிடியை விடுவிக்கும் பொருளைச் சுரக்கிறது. நட்சத்திர மீன் கடந்துபோன கண்ணாடியில் கால் தடங்களாக அந்தப் பசை படிந்திருக்கும். பாறையிலிருந்து அதைப் பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான். உடல் வந்துவிடும், கால்கள் அறுந்து பாறையிலேயே நின்றுவிடும்.

ரத்தம், இதயம், மூளை இதெல்லாம் இல்லையா?

நமக்கு இருப்பது போன்ற ரத்த ஓட்டமும், அதைத் தள்ளும் வலுவான இதயமும் இல்லை. உடற்குழியில் நிறைந்திருக்கும் திரவமே உணவுச்சத்தையும் ஆக்சிஜனையும் சுமக்கிறது. உட்சுவரில் உள்ள நுண்ணிழைகள் அதை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகமும் கிடையாது. கழிவான அம்மோனியா தோல் செவுள்கள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும் தானாகக் கசிந்து வெளியேறிவிடும்.

மூளை என்று ஒரே இடத்தில் திரண்ட உறுப்பு எதுவும் இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கைக்கு ஒரு நரம்புத் தண்டு. எந்தக் கைக்கும் நிரந்தரத் தலைமை இல்லை. இரையின் வாசனை எந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கை முன்னே போகும், மற்றவை பின்தொடரும்.

கண்ணும் இல்லையா?

கண் உண்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சிறு செம்புள்ளி இருக்கும், அதுதான். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிவதைத் தாண்டி அதற்கு என்ன முடியும் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. லிங்கியா என்ற நீல நிற நட்சத்திர மீனை வைத்து ஆண்டர்ஸ் கார்ம், டான்-எரிக் நீல்சன் இருவரும் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. பவளப்பாறையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விட்டபோது, கண் உள்ளவை பாறையை நோக்கி நேராக நடந்தன. கண் அகற்றப்பட்டவையும் அதே வேகத்தில்தான் நடந்தன, ஆனால் திசை தெரியாமல். நிறம் தெரியாத, துல்லியமில்லாத, மெதுவான பார்வைதான். வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும்.

சிப்பியை எப்படித் திறந்து தின்கிறது?

முழுசாகத் திறக்கவே வேண்டியதில்லை! சிப்பிமேல் கவிழ்ந்து உட்கார்ந்து, இரண்டு ஓட்டிலும் குழாய்க்கால்களை ஒட்டி இழுக்கும். சிப்பியின் தசை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கு கிடைத்தாலே போதும். அப்புறம் தன் இரைப்பையையே வாய் வழியாக வெளியே நீட்டி அந்த இடுக்கில் நுழைத்துவிடும். செரிமானம் சிப்பியின் ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கரைந்த சதையோடு இரைப்பை உள்ளே திரும்பும். ஒவ்வொரு கைக்குள்ளும் நீளும் இரண்டு செரிமானச் சுரப்பிகள் மீதி வேலையை முடிக்கும்.

மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருந்தால் களைத்துப் போகாதா என்பீர்கள். முட்தோலிகளின் இணைப்புத் திசுவுக்கு ஒரு தனித் திறமை உண்டு. நரம்புக் கட்டளை வந்தால் அது சில நொடிகளில் இறுகும், இன்னொரு கட்டளையில் இளகும். இறுகிவிட்டால் அந்த நிலையில் நிற்கத் தசை உழைக்க வேண்டியதில்லை.

எல்லா இனங்களும் இப்படித் தின்பதில்லை. நம் மணல் கரைகளில் காணப்படும் ஆஸ்ட்ரோபெக்டன் இரையை அப்படியே விழுங்கும். அதற்கு மலவாயும் கிடையாது. மிஞ்சும் வெற்று ஓடுகளை வாய் வழியாகவே துப்பிவிடும். மணலுக்குள் புதைந்து வாழ்வதால் அதன் குழாய்க்கால்கள் கூர்மையாக இருக்கும், நுனியில் ஒட்டும் வட்டு இருக்காது. அண்டார்க்டிக் கடலில் வாழும் லாபிடியாஸ்டர் தன் நீளமான கைகளை நீரில் உயர்த்தி, நீந்திப் போகும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களைப் பிடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஐந்து கைதானா?

ஐந்துதான் அதிகம். ஆனால் சூரியகாந்தி நட்சத்திரம் எனப்படும் பைக்னோபோடியாவுக்கு 16 முதல் 24 கைகள். ஒரு மீட்டர் அகலம் வரை வளரும். முன்சொன்ன லாபிடியாஸ்டருக்கு 50 கைகள் வரை உண்டு. குல்சிட்டா என்ற இனத்தில் கைகள் உடலோடு கலந்து, ஐங்கோணமாக உப்பிய ஒரு பொதிதான் தெரியும். ஆஸ்திரேலியாவின் பார்வுலாஸ்ட்ரா பார்விவிபாரா ஒரு செ.மீ. அளவுதான், முட்டையைக் கடலில் விடாமல் குட்டி போடுகிறது. 1986-இல் நியூசிலாந்துக் கடலில், ஆழத்தில் மூழ்கிக் கிடந்த மரத்துண்டுகளில் ஸைலோப்ளாக்ஸ் என்ற வட்டமான ஒரு சின்ன உயிரி கிடைத்தபோது, முட்தோலிகளில் ஆறாவது வகுப்பே உருவாகிவிட்டது என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதை நட்சத்திர மீன்களோடு சேர்த்துவிட்டன.

கையை வெட்டினால் இரண்டாகுமா?

இழந்த கை மெதுவாக வளரும். பல மாதம், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். ஆனால் வெட்டுப்பட்ட கையிலிருந்து முழு உடல் வளர்வது எல்லா இனத்துக்கும் இயலாது. பெரும்பாலானவற்றில் நடுவட்டின் ஒரு பகுதியாவது கையோடு சேர்ந்திருக்க வேண்டும். லிங்கியாவில் சில இனங்கள் விதிவிலக்கு. தானாகக் கழன்ற ஒரே கையிலிருந்து வட்டும் மற்ற நான்கு கைகளும் முளைக்கும். அந்தப் பருவத்தில் ஒரு நீளக் கையும் நான்கு குட்டைக் கைகளுமாக இருக்கும்.

முதுகெலும்பு உள்ளவைகளுக்கு இவை நெருங்கிய சொந்தம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பூச்சி, நத்தை, மண்புழு எல்லாவற்றையும்விட நட்சத்திர மீன் நமக்கு நெருக்கம். கருவில் முதலில் உருவாகும் துளை அவற்றில் மலவாயாகும். வாய் பிறகு தனியாகத் திறக்கும். நமக்கும் அப்படியே.

குஞ்சுப் பருவத்தைப் பார்த்தால் இந்த உறவு இன்னும் தெளிவாகும். முட்டையிலிருந்து வரும் இளவுயிரி கண்ணாடியாகத் தெளிந்த, மிகச் சிறிய ஓர் உயிர். அதற்கு இடது, வலது என்ற இரு பக்கம்தான். ஐந்து பக்கம் கிடையாது. சில வாரம் மிதந்து திரிந்த பிறகு அடியில் ஒட்டி உருமாறும். பெரும்பாலும் உடலின் இடது பாதியிலிருந்துதான் புதிய ஐந்து பக்க உடல் கிளம்புகிறது.

இந்தத் தெளிந்த இளவுயிரி மருத்துவத்துக்கும் ஒரு கதவைத் திறந்தது. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் எலியா மெச்னிகாஃப் என்ற உயிரியலாளர் அதன் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. கிருமிகளை விழுங்கும் செல்கள் பற்றிய அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் அதன் தலை எங்கே?

2023-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதற்கு எதிர்பாராத பதிலைத் தந்தது. பட்டிரியா மினியாட்டா என்ற இனத்தில் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் உடல் தோல் முழுக்க, கைகள் உட்பட, இயங்கின. நடு உடலை உருவாக்கும் மரபணுக்களின் தடம் தோலில் ஏறக்குறைய இல்லை. அதாவது நகர்ந்து போவது பெரும்பாலும் தலைதான்! ஒவ்வொரு கையின் நடுக்கோடு தலையின் முன்பகுதிக்கும், ஓரங்கள் பின்பகுதிக்கும் ஒத்துப்போகின்றன. ஐந்து பக்கம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. ஆனாலும் கேள்வியையே மாற்றிப்போட்ட ஆய்வு.

பாம்பு நட்சத்திரம் எப்படி வேறுபடுகிறது?

வட்டு தனியாகவும் கைகள் மெலிந்து நீண்டும் தெரிந்தால் அது பாம்பு நட்சத்திரம். கைகளுக்குள் குடலோ செரிமானச் சுரப்பியோ போவதில்லை. குழாய்க்கால்களை நம்பி நகராமல், கைகளையே வளைத்து வேகமாக ஊர்ந்துவிடும். தொட்டால் கை ஒடிந்து வரும், திரும்ப வளரும். பவளக் கல்லைப் புரட்டினால் அடியில் ஓடி ஒளிவது பெரும்பாலும் இதுதான்.

உருண்டையான முள்ளெலியும் நீளமான அட்டையும் எப்படிச் சொந்தமாக முடியும்?

நட்சத்திர மீனின் ஐந்து கைகளையும் மேல்நோக்கி மடக்கி, நுனிகளை உச்சியில் சேர்த்து, இடைவெளியை மூடுவதாகக் கற்பனை செய்யுங்கள். உருண்டையின் அடியில் வாய், பக்கவாட்டில் ஐந்து வரிசைக் குழாய்க்கால்கள். இதுதான் கடல் முள்ளெலி. முள் உதிர்ந்த ஓடு கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாய்க்கால்கள் வந்துபோன துளைகள் ஐந்து பட்டைகளாகத் தெரியும். உள்ளே ஐந்து பற்கள் கொண்ட தாடை இருக்கும். அதை அரிஸ்டாட்டில் வர்ணித்ததால் இன்றும் அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர். அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் முள்ளெலிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அங்கே அன்று கடல் இருந்ததற்கு அவையும் சாட்சி.

இனி அந்த உருண்டையை மேலும் கீழுமாக இழுத்து நீட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள். அது கடல் அட்டை. வாயைச் சுற்றி இருக்கும் உணர்கொம்புகள் உருமாறிய குழாய்க்கால்கள்தான். ஓட்டுத் தட்டுகள் சுருங்கி, தோலுக்குள் நுண்துகள்களாகப் புதைந்துவிட்டன. மலவாய் வழியாக நீரை இழுத்து, உள்ளே கிளைத்திருக்கும் சுவாச மரத்தில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் சில இனங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும்.

ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளுக்கு அட்டை ஒரு வாழ்வாதாரமாக இருந்தது. வேகவைத்து உலர்த்தி கிழக்காசியச் சந்தைக்கு அனுப்பினார்கள். அளவுக்கு மீறிப் பிடித்ததால், 2001-இல் எல்லா அட்டை இனங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அன்றிலிருந்து இந்தியாவில் பிடிப்பது குற்றம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த அறிவு இங்கே பெட்டியில் பூட்டிக் கிடப்பது எனக்கு வருத்தம்தான். தடை மட்டும் போதாது, கடலில் குஞ்சுகளைத் திரும்ப விட்டு வளர்க்கவும் வேண்டும் என்பது என் கருத்து.

கடல் அல்லி செடியா?

இல்லை, விலங்குதான். நட்சத்திர மீனும் முள்ளெலியும் வாயைக் கீழே வைத்திருக்க, இது மேலே வைத்திருக்கிறது. இறகு போன்ற கைகளை விரித்து, குழாய்க்கால்களால் மிதக்கும் துகள்களை வடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. நீர்க்குழல் மண்டலத்துக்கு முதலில் இருந்த வேலை உணவு சேகரிப்பதுதான், நடப்பது பிறகு வந்தது என்று பலர் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆற்றிலும் குளத்திலும் ஏன் இல்லை?

உடலுக்குள் இருப்பதே கடல்நீர். உப்பின் அளவைச் சரிசெய்ய உறுப்பு கிடையாது. நன்னீரில் விட்டால் நீர் உள்ளே புகுந்து செல்கள் வீங்கிவிடும்.

கையில் தொட்டால் விஷமா?

நம் கரையில் கிடைக்கும் பெரும்பாலான நட்சத்திர மீன்களால் ஆபத்தில்லை. முட்கிரீட நட்சத்திரம் மட்டும் வேறு. நீளமான விஷமுட்கள் குத்தினால் கடும் வலி, வீக்கம், வாந்தி வரலாம்; மருத்துவரிடம் போக வேண்டும். பவளத்தைத் தின்று வாழும் இனம் இது. எண்ணிக்கை பெருகினால் பவளத்திட்டையே வெளுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முக்குளிப்போர் ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கொல்கிறார்கள்.

இவை இல்லாமல் போனால் கடலுக்கு என்ன நஷ்டம்?

1963-இல் ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மக்கா விரிகுடாவின் பாறைக் கரையில் ஒரு பகுதியிலிருந்து பைசாஸ்டர் நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். தின்ன ஆளில்லாத மட்டிகள் பாறையை ஆக்கிரமித்தன. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 மிஞ்சின. ஒரு சூழலையே தாங்கி நிற்கும் இனங்களுக்கு 1969-இல் அவர் தனிப் பெயரே வைத்தார்.

அவர் சிறு இடத்தில் செய்ததை 2013 முதல் ஒரு நோய் பெரும் பரப்பில் செய்தது. அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நட்சத்திர மீன்கள் கை கழன்று, உடல் கரைந்து செத்தன. சூரியகாந்தி நட்சத்திரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயின. அவை தின்று கட்டுப்படுத்திவந்த முள்ளெலிகள் பெருகி, கெல்ப் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. காரணம் 2025-இல்தான் உறுதியானது: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா. உடற்குழித் திரவத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

கரையில் உயிரோடு கிடந்தால் என்ன செய்யலாம்?

குழாய்க்கால்கள் அசைகின்றனவா என்று கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். அசைந்தால், ஈரக் கையால் வட்டை அடியிலிருந்து தாங்கி எடுத்து, அலை அடித்துத் திரும்பத் தள்ளாத முழங்கால் ஆழத்தில், வாய் கீழே இருக்கும்படி விடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தோல் செவுள்கள் காய்கின்றன. மல்லாந்து விழுந்துவிட்டாலும் பதற வேண்டாம். ஓரிரு கைகளை முறுக்கி, நுனிக் கால்களால் மணலையோ கல்லையோ பற்றி, மெதுவாகத் தானே புரண்டுகொள்ளும்.